இப்பக்கத்தில் ஓர் அடித்தல் உண்டு

ஆவணி ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை, மதுரையிலிருந்து வரும் ஆறு பத்துப் பேருந்தின் கூரையில் ஒரு சைக்கிளை ஏற்றிக்கொண்டு, தோளில் ஒரு தபால் பையோடு ஆவுடையூரணியில் வந்திறங்கிய காக்கிச் சட்டைக்காரரை முதலில் பார்த்தவர் டீக்கடை சிந்தா மதார். ஊருக்குப் புதிதாக வருகிற எவரிடமும் கேட்கிற கேள்வியையே அவரிடமும் கேட்டார்.

"எந்த ஊருண்ணே?"

"ரெண்டாம் அத்தியாயம்."

"அது மேலூருக்குக் கிட்டயா?"

"இல்லைங்க. ஒரு கதையில தபால்காரரா இருந்தேன். நேத்துச் சாயந்தரம் என்னை எடுத்துட்டாங்க. பஸ் ஏறி வந்துட்டேன்."

வேலை போன மனிதரிடம் முதலில் டீயைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் விவரம் கேட்க வேண்டும் என்பது சிந்தா மதாரின் கொள்கை என்பதால், அவர் ஒரு டீயும் இரண்டு வடையும் கொடுத்து, வந்தவர் வாயைத் துடைத்த பிறகு பெயரைக் கேட்டார். "பேரு வைக்கலைங்க. தபால்காரர்னுதான் எழுதியிருந்தாங்க" என்றார் அவர். அதைக் கேட்டதும்தான் சிந்தா மதாருக்குக் கோபம் வந்தது. கதையிலிருந்து ஒரு மனிதர் வருவது அவரவர் சௌகரியம். ஆனால் பெயர் வைக்காமல் ஒரு ஆளை அனுப்புவது என்ன முறை என்று கேட்டுக்கொண்டே, கடையை அப்படியே விட்டுவிட்டு, சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார். அந்த ஊரில் கதை எழுதுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார், அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

பஞ்சவர்ணத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். கணவர் காசிலிங்கத்தின் ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே ஒரு மேசை போட்டு, இருபத்திரண்டு வருஷமாக ஊராரின் கிரயப் பத்திரங்களையும் பாகப்பிரிவினைகளையும் உயில்களையும் எழுதி வந்தவர். அவர் எல்லை சொல்லாத வீடு அந்த ஊரில் இல்லை, அவர் அளவு எழுதாத கிணறு இல்லை. ஆனால் எந்தப் பத்திரத்திலும் எழுதிக் கொடுப்பவர் பெயரும் எழுதி வாங்குபவர் பெயரும் மேலே இருக்க, கடைசிப் பக்கத்தின் அடியில், சாட்சிகளுக்கும் கீழே, ரப்பர் முத்திரைக்குப் பக்கத்தில், யாருமே வாசிக்காத ஓர் இடத்தில்தான் 'தயாரித்தவர்: கா. பஞ்சவர்ணம்' என்றிருக்கும். ஒரே ஒரு தடவையாவது தன் பெயர் ஒரு காகிதத்தின் உச்சியில் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார், அந்த ஆசையைக் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இணையம் வராமல் பதிவு நின்றுபோகிற மதியங்களில், ஒன்பது வருஷம், பத்திரம் எழுதுகிற பச்சைத் தாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி, 'கிழக்கெல்லை' என்று பெயர் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் ஒரு பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டு, தை மாதப் புத்தகக் காட்சிக்குக் கொண்டு வருவதாகச் சொல்லி, ஆனால் பாதியைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லி, அச்சுக்கோத்த மெய்ப்புத் தாள்களைக் கூரியரில் அனுப்பியது.

இங்கேதான் ஒரு சிறிய தவறு நடந்தது. வேறு எந்த எழுத்தாளருக்கும் அது நடந்திருக்காது. பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால் சும்மா அடித்துவிட்டுப் போக முடியாது. 'இப்பக்கத்தில் நான்காவது வரியில் ஓர் அடித்தல் உண்டு' என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது அந்த அடித்தல் எனக்குத் தெரியாது என்பார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையில் இருந்ததால், பஞ்சவர்ணம் நாவலின் மெய்ப்பிலும் ஒவ்வொரு அடித்தலுக்கும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். அடித்தது சட்டப்படி அடிக்கப்பட்டது. நாவலை விட்டு அது முறையாக வெளியேறியது. வெளியேறியது எங்காவது போய்ச் சேர வேண்டுமல்லவா, அது ஆவுடையூரணிக்கு வந்து சேர்ந்தது. இதற்கு மேல் காரணம் தேட அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை.

"ஏம்மா, ஒரு மனுசனை உண்டாக்குனா பேரு வைக்கிறதில்லையா?" என்றார் சிந்தா மதார்.

"ஒன்றரைப் பக்கம்தான் வருவாருண்ணே. மணி அடிச்சுட்டுப் போயிருவாரு. அதனால வைக்கலை."

"இப்ப என் கடையில உக்காந்திருக்காரு. நான் என்னன்னு கூப்பிடுறது?"

பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்து, "சோலைமணின்னு கூப்பிடுங்க" என்றார். காசிலிங்கம் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அவருக்கு ஆதார் எடுக்கணும்னா போட்டோ ரெண்டு வேணும், வரச் சொல்லுங்க பாய்" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

சோலைமணியின் பையில் நூற்று நாற்பது கடிதங்கள் இருந்தன. அதிலிருந்த முகவரிகளில் ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. ஆனால் தபால்காரர் என்றால் தபால் கொடுத்தாக வேண்டும் என்பதால், அவர் தெருத் தெருவாகச் சைக்கிளில் போய், யார் வாசலில் சும்மா நின்றார்களோ அவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டினார். 'அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம், உன் நலமறிய ஆவல்' என்று தொடங்குகிற கடிதம் அண்ணன் இல்லாத ஒருத்திக்குக் கிடைத்தது, அவள் பதில் எழுதினாள். ஊரில் பாதிப்பேர் பத்து வருஷத்துக்குப் பிறகு பேனா வாங்கினார்கள்.

அடுத்து வந்தது ஒரு நிழல். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தைப் பற்றி மூன்று வரி இருந்தது. சென்னையில் நாவலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ரெஹானா என்ற பெண், மரம் போதும், நிழல் வேண்டாம் என்று பென்சிலில் குறித்திருந்தாள். பஞ்சவர்ணம் நிழலை அடித்து, கீழே எழுதி, கையெழுத்திட்டார். மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் மரமே இல்லாமல் ஒரு வேப்பநிழல் தரையில் படுத்துக் கிடந்தது, இலைகளுக்கு நடுவே வெயில் விழுகிற சின்னச் சின்னப் பொட்டுகளோடு, காற்றடித்தால் லேசாக அசைந்துகொண்டு. இருபது வருஷமாகக் கூரை கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்த பேருந்து நிலையம் அது. பயணிகள் போய் நிழலில் உட்கார்ந்தார்கள். பேரூராட்சித் தலைவர் மலைராசன் டேப்பை எடுத்து வந்து அளந்து பார்த்து, பதினெட்டுக்கு இருபத்திரண்டு அடி என்று குறித்துக்கொண்டு, அதைப் பேரூராட்சிக்குச் சேர்க்கப் பத்திரம் எழுதச் சொன்னார். 'காலையில் மேற்கிலும் மாலையில் கிழக்கிலும் நகர்ந்துகொள்ளும் உரிமையுடன்' என்று ஒரு வாசகத்தைப் பஞ்சவர்ணம் சேர்த்தார். சார் பதிவாளர் அந்த வாசகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று பதிவு செய்தார்.

அதற்குப் பிறகு வந்தது பதினொரு பக்கக் கல்யாணம். புரட்டாசி இரண்டாவது புதன்கிழமை, ஆறு பத்துப் பேருந்துக்குப் பின்னால் வாழைமரம் கட்டிய மூன்று வேன்கள் வர, நாகஸ்வரக்காரர்கள் இருவர், மாப்பிள்ளை, பெண், சண்டை போட்டுக்கொண்டே வந்த இரண்டு சம்பந்தி வீட்டார், ஆளுயர அண்டாக்கள் என்று மொத்தம் நூற்றெட்டுப் பேர் இறங்கினார்கள். புரட்டாசியில் கல்யாணமா என்று ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். கதையில் தை மாதம்தான் என்று பெண்ணின் தாய்மாமன் விளக்கம் சொல்ல, மண்டபம் திறந்துவிடப்பட்டது. ஆனால் நாவலின்படி விருந்து கறிவிருந்து. புரட்டாசி விரதக்காரர்கள் மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாசனையை மட்டும் அனுபவித்து, "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு" என்று மூக்காலேயே குறை சொன்னார்கள். இரண்டு நாள் சாப்பிட்ட ஊர், மூன்றாம் நாள் அந்த நூற்றெட்டுப் பேருக்கும் வாடகை வீடு தேடிக் கொடுத்தது. நாகஸ்வரக்காரர்களுக்கு மட்டும் வீடு தேட வேண்டியிருக்கவில்லை, கோயிலில் அந்த இடம் ஆறு வருஷமாகக் காலியாகக் கிடந்தது.

சென்னையிலிருந்து ரெஹானா போனில் கேட்டாள்: "மேடம், வெட்டுறதெல்லாம் வலிக்கலையே? புதுசா எழுதறவங்க ரொம்பக் கஷ்டப்படுவாங்க."

"வலிக்கலைம்மா. எல்லாரும் இங்கதான இருக்காங்க. கல்யாணப் பொண்ணு நம்ம கடையிலதான் ரேஷன் கார்டுக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போச்சு."

ரெஹானா சிரித்தாள். முதல் நாவல் எழுதுகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்குள் ஊர் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தது. அடிப்பது வருகிறது என்றால், எதை அடிக்கலாம் என்று பார்க்க வேண்டியதுதானே? பார்ப்பதற்குப் படிக்க வேண்டும். காசிலிங்கத்தின் மெஷின் பதினைந்து நாள் ஓயாமல் ஓடியது. அச்சில் வருவதற்கு முன்னாலேயே ஒரு முதல் நாவலை ஓர் ஊர் முழுவதும் வரி வரியாக, பென்சிலும் கையுமாக, அடிக்கோடிட்டுப் படித்தது அநேகமாக அங்கே மட்டும்தான் நடந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இல்லாததால் நூற்று நாற்பதாம் பக்கத்துக் கணக்கு டீச்சரைக் கேட்டுப் பெற்றோர்கள் மனுக் கொடுத்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் தொண்ணூறாம் பக்கத்து நிலைக்கண்ணாடியைக் கேட்டார். நாவலில் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தி வைக்கிற மாயழகு என்று ஒரு பொல்லாதவன் இருந்தான். அவனை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒரு வரிகூட அடிக்கக் கூடாது என்று வார்டு உறுப்பினர்கள் அத்தனை பேரும் கட்சி பேதமில்லாமல் தீர்மானம் போட்டார்கள். ரெஹானா அவனைக் குறைக்கச் சொல்லியும் பஞ்சவர்ணம் குறைக்கவில்லை. 'கிழக்கெல்லை'யில் மாயழகு அவ்வளவு பலமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஐப்பசி பிறந்த அன்றைக்குத் தலைவர் மலைராசன் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கையில் ஒரு நகல். அதில் ஓர் இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"தங்கச்சி, ஊர் சார்பா ஒரு கோரிக்கை."

"சொல்லுங்கண்ணே."

"பதினேழை அடிச்சிரு."

பஞ்சவர்ணத்தின் கையிலிருந்த பேனா நின்றது.

பதினேழாம் அத்தியாயம் முப்பத்தெட்டுப் பக்கம். பல வருஷம் வறண்டு கிடந்த ஓர் ஊரணி ஒரே மழையில் நிரம்புவதுதான் அது, வேறு எதுவும் அதில் நடக்காது. மற்ற அத்தியாயங்களைப் பஞ்சவர்ணம் ஒன்பது வருஷத்தில் எழுதினார் என்றால், அந்த ஒரு அத்தியாயத்தை எழுதுவதற்காகத்தான் அந்த ஒன்பது வருஷத்தையும் எழுதினார். ஆவுடையூரணியின் ஊரணியோ பதினொரு வருஷமாக வறண்டு கிடந்தது. படிக்கட்டுகளில் வரட்டி காய்ந்தது, நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும், வராத நாளில் மூன்று கிலோமீட்டர் நடை. பஞ்சவர்ணமும் நடப்பவர்தான்.

"அது போனா நாவலே இல்லைண்ணே."

"அது வந்தா ஊரு இருக்கும்ல தங்கச்சி."

பக்கத்தில் நின்ற இருளாயி குறுக்கே புகுந்தாள். கீழத்தெருக்காரி, பஞ்சவர்ணத்தோடு ஒரே வருஷம் பள்ளிக்கூடம் போய், மூன்றாம் மாதம் நின்றுவிட்டவள். "ஏன்டி வர்ணம், நிழலைக் குடுத்த, சோறு போட்ட, கண்ணாடி குடுத்த. முகம் கழுவாம கண்ணாடியில என்னத்தடி பாக்குறது? ஒனக்கு ஒன் புக்கு பெருசா, என் இடுப்பு பெருசா? இந்தா, தொட்டுப் பாரு, குடத்துக்குன்னே ஒரு பள்ளம் விழுந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், பஞ்சவர்ணமும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் அவர் ரெஹானாவுக்குப் போன் செய்தபோது சிரிக்கவில்லை.

"மேடம், நீங்க என்ன வேணும்னாலும் வெட்டுங்க. பதினேழைத் தொடாதீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் நாங்க இந்த நாவலையே எடுத்தோம். அது இல்லைன்னா பதிப்பகத்துல வேண்டாம்னு சொல்லிடுவாங்க. நான் பேசிப் பாத்தாலும் கேக்க மாட்டாங்க."

ஆக, அடித்தால் புத்தகம் இல்லை, தன் பெயர் எந்தக் காகிதத்தின் உச்சியிலும் வரப் போவதில்லை. அடிக்காவிட்டால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. கணக்கு டீச்சர்கூட ஊருக்கு வந்துவிட்டிருந்தார், ஆனால் இந்தக் கணக்குக்கு அவரிடமும் விடை இல்லை. காசிலிங்கம் மூன்று நாள் பார்த்தார். "அடிச்சாலும் சரி, அடிக்காட்டாலும் சரி. எதுனாலும் சாப்பிட்டுட்டு யோசி வர்ணம்" என்றார். நான்காம் நாள் பஞ்சவர்ணம் பதினேழாம் அத்தியாயத்தின் முப்பத்தெட்டுத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று வறண்ட ஊரணிக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். முதல் பக்கத்தையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த சோலைமணி தாள்களை வாங்கிக்கொண்டு, தனக்குப் பழக்கமான கடிதம் வாசிக்கிற குரலில் உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

லாரி வராத நாள் அது. குடங்களோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே நின்று, நின்றவர்கள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, உட்கார்ந்தவர்கள் இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் கிரிக்கெட் ஆடியவர்களும் மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார, சோலைமணி முப்பத்தெட்டுப் பக்கத்தையும் நிறுத்தாமல் வாசித்தார். நகலில் கிடைத்ததைத் துண்டு துண்டாக, எதை வாங்கலாம் என்று படித்தவர்கள்தான் எல்லோரும். யாரும் இதற்கு முன் அதைக் கதையாகக் கேட்டதில்லை. அத்தியாயத்தில் மழை முடிந்த காலை நேரத்தில் ஒருத்தி குடத்தோடு வந்து, நிரம்பிக் கிடக்கிற ஊரணியைப் பார்த்து, எப்படி முக்குவது எங்கே முக்குவது என்று தெரியாமல் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற இடம் வந்தபோது, இருளாயி மூக்கைச் சிந்தினாள்.

வாசித்து முடிந்ததும் பஞ்சவர்ணம் எழுந்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இருடி" என்றாள் இருளாயி.

"என்ன?"

"அந்தக் குடத்தைக் கீழ வச்சுட்டு நிக்கிறாளே, அவளையும் அடிச்சிருவியா?"

"அத்தியாயத்தை அடிச்சா அவளும்தான்."

"அவ வந்து இங்க என்ன செய்யப்போறா? இங்கதான் நாங்க இத்தன பேரு இருக்கோமே, குடத்தை வச்சுக்கிட்டு நிக்க. அவ அங்கயே நிக்கட்டும்." இருளாயி சற்று யோசித்தாள். "ஏன்டி, நீ வீட்டுல சோறு வடிப்பியா, குக்கரா?"

"வடிக்கிறதுதான்."

"வடிக்கிறப்போ என்ன செய்வ? கஞ்சியைத் தனியா எடுத்துட்டுச் சோத்தை வச்சுக்கிருவல்ல? அது மாதிரி வடிடி. கஞ்சி எங்களுக்கு, சோறு ஒனக்கு."

பாகப்பிரிவினை எழுதத் தெரிந்த பஞ்சவர்ணத்துக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மறுபடியும் படிக்கட்டில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, தண்ணீர் என்ற சொல் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் அந்தச் சொல்லை மட்டும் அடித்தார். தண்ணி என்று இருந்த இடத்தையும், நீர் என்று இருந்த இடத்தையும், வெள்ளம் என்று இருந்த இடத்தையும் அடித்தார். சில வாக்கியங்கள் தள்ளாடின. அவற்றுக்குப் பக்கத்து வாக்கியத்தைக் கொஞ்சம் நகர்த்தி முட்டுக் கொடுத்தார். நிழலையும் கல்யாணத்தையும் போல இதைத் தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பிவிட முடியாது, இது பெரிய சொத்து, பக்கத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார். முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு எழுபத்தாறு சாட்சிகள். ஜெராக்ஸ் கடையிலிருந்து மேல வீதி முனை வரைக்கும் வரிசை நின்றது. தலைவர் மலைராசன் தனக்கு முதல் பக்கம் வேண்டும் என்று கேட்டார்; முதல் பக்கம் இருளாயிக்குப் போய்விட்டது என்று சொல்லப்பட்டதும், "சரி, அவளுக்குக் கீழ போடு" என்று இறங்கி வந்தார். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் பதினோராம் பக்கத்துக்குச் சாட்சியானார்கள். சிந்தா மதார் தன் கையெழுத்துக்குக் கீழே கடையின் பெயரையும் எழுதினார், அதைப் பஞ்சவர்ணம் அனுமதித்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அடித்தல்கள். காசிலிங்கம் இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தார்.

ஐப்பசி பதினேழாம் தேதி காலை ஆறு பத்துப் பேருந்துக்குப் பின்னால் தண்ணீர் நடந்து வந்தது.

முழங்கால் உயரம் இருந்தது. சாலையின் இடது ஓரமாகவே வந்தது. வேகத்தடையில் சற்றுத் தயங்கி, ஏறி, இறங்கி, பள்ளிக்கூடத்துப் பக்கம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, பேருந்து நின்றதும் அதுவும் நின்று, படியில் நின்ற நடத்துநர் விசில் கொடுத்ததும் மறுபடி புறப்பட்டு வந்தது. பேருந்து நிலையத்தில் வேப்பநிழலை அடையாளம் கண்டுகொண்டது போல அதை ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்தவை. வழி தெரியாமல் அது நின்றபோது இருளாயி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய், வீட்டுக்கு வந்த சம்பந்தியைக் கூட்டிப்போவது போல, "இப்படி வாங்க, இப்படி வாங்க, படி இருக்கு, பாத்து" என்று கையைக் காட்டி நடக்க, அவளுக்கும் முன்னால் சோலைமணி சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போக, கோயில் வாசலில் நாகஸ்வரக்காரர்கள் எழுந்து நின்று வாசிக்க, ஆவுடையூரணியின் ஊரணிக்குள் பதினொரு வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு படியாக இறங்கியது. வரட்டி தட்டியவர்கள் அவசர அவசரமாக வரட்டியை எடுத்தார்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஸ்டம்பை மட்டும் மறந்துவிட்டார்கள், அது இன்றும் உள்ளேதான் இருக்கிறது.

பஞ்சவர்ணம் சொல்லை மட்டும்தான் கொடுத்திருந்தார், அதனால் தாமரையோ மீனோ தவளையோ வரவில்லை. தவளைகள் மூன்றாம் நாள் தாமாக வந்தன. அவை எந்த நாவலிலும் இருந்தவை அல்ல. தண்ணீரில் முதல் வாரம் லேசாக மை வாசனை அடிக்கிறது என்று சிலர் சொன்னார்கள். டீக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது என்று சிந்தா மதார் சொல்ல, குறை சொன்னவர்களும் இரண்டாவது டீ கேட்டார்கள்.

தாள்கள் சென்னைக்குப் போன நாலாம் நாள் ரெஹானா கூப்பிட்டாள். முதல் முறையாக மேடத்தை விட்டுவிட்டு, "அக்கா" என்றாள்.

"சொல்லும்மா. பதினேழைத் தொட்டுட்டேன். கோவமா?"

"அந்த வார்த்தையே இல்லாம ஊரணி நிரம்புதுக்கா. எப்படின்னு தெரியலை. படிக்கப் படிக்கத் தொண்டை வறண்டு போச்சு. மூணு தடவை எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுட்டு வந்து படிச்சேன். முன்னாடி நல்லா இருந்துச்சு. இப்ப..." தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அச்சகத்தில் திருத்தங்களைத் தட்டச்சு செய்தவர், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்த அடித்தல் குறிப்புகளையும் சாட்சிகளின் பெயர்களையும் நாவலின் பகுதி என்றே நினைத்து, ஒன்றையும் விடாமல் சேர்த்துவிட்டார். ரெஹானா அதைப் பார்த்தாள், எடுத்துவிடக் கையை வைத்தாள், எடுக்கவில்லை. பின்னாளில் ஒரு விமர்சகர் இதைப் புதிய உத்தி என்று பாராட்டி நான்கு பக்கம் எழுதினார். ஆவுடையூரணியில் அந்தக் கட்டுரையையும் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள்.

தை மூன்றாம் தேதி, மதுரையிலிருந்து வரும் ஆறு பத்துப் பேருந்தில் ஒரு கட்டு வந்து இறங்கியது. சோலைமணி அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, நூற்று நாற்பது கடிதம் கொடுத்த பிறகு முதல் முறையாகச் சரியான முகவரிக்கு ஒரு தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கடை வாசலில் ஊர் நின்றுகொண்டிருந்தது. காசிலிங்கம் கத்தரிக்கோலால் கட்டைப் பிரித்து, மேலாக இருந்த புத்தகத்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த மெஷினில் லட்சம் காகிதம் பார்த்தவர் அவர்.

"பேரு மேல இருக்கு, வர்ணம்" என்றார்.

அட்டையின் உச்சியில், தலைப்புக்கும் மேலே, தனியாக, பக்கத்தில் வேறு எந்தப் பெயரும் இல்லாமல், பஞ்சவர்ணம் என்று இருந்தது. அவர் அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார், மை ஒட்டவில்லை.

"என் பேரு எங்கடி?" என்றாள் இருளாயி.

"நூத்து எண்பத்தாறாம் பக்கம். அடியில."

"படி."

"'இப்பக்கத்தில் ஏழு அடித்தல்கள் உண்டு. சாட்சி: இருளாயி, கீழத்தெரு, இடது கைப் பெருவிரல் ரேகை.'"

"இத்தனை நாளு நாங்க மேல உக்காந்திருந்தோம், நீ அடியில கெடந்த. இப்ப மாத்தி உக்காந்துட்டோமாக்கும்" என்றாள் இருளாயி. பிறகு அந்தப் பக்கத்தைத் தானே பிரித்து வைத்துக்கொண்டு, எது தன் பெயர் என்று பஞ்சவர்ணத்தைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பதிவு இல்லை. பஞ்சவர்ணம் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊரணிப் படிக்கட்டுக்குப் போய், எழுதியவராக இல்லாமல் வாங்கிப் படிக்கிறவரைப் போல முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். மாயழகு வந்தபோது பயந்தார். தபால்காரர் வர வேண்டிய இடத்தில் தபால்காரர் வராததை ஒரு கணம் உணர்ந்தார். எதிர்க்கரையில் அவர் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டதும் மேலே படித்தார். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாயத் தொடங்கியபோது பதினேழாம் அத்தியாயம் வந்தது. நான்கு பக்கம் போவதற்குள் நாக்கு வறண்டது. ஆறாவது பக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சும்மா நிற்கிற இடம் வந்ததும் அதற்கு மேல் முடியாமல், பக்கத்துக்கு அடையாளமாகப் புத்தகத்தைப் பிரித்தபடியே படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பஞ்சவர்ணம் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். ஒரு கை போதவில்லை. மூன்று கை குடித்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேலே ஏறி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.